பொக்காராவிலிருந்து இருபது நிமிஷம்

"இருபது நிமிஷமா?"

சங்கரபாண்டி அந்த வரியை மூன்றாவது முறையாகப் படித்தார். கையிலிருந்த காபி ஆடை கட்டிவிட்டது.

எதிரே உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த காளீஸ்வரி தலையை நிமிர்த்தவில்லை. "ஆமாங்க. பொக்காராவுல ஏறுனா ஜோம்சோம்ல இறங்க இருபது நிமிஷம்தான். அங்கயிருந்து ஜீப்புல முக்திநாத். டிராவல்ஸ் முஃபீத் தம்பி பிரிண்ட் போட்டுக் குடுத்திருக்கு. நீங்க ஒரு தடவ பாத்து, இது சரியா வருமான்னு சொல்லுங்க."

காளீஸ்வரி தலைமை தாங்கும் திருவிளக்கு பூஜைக் குழு முக்திநாத் போவதென்று ஆடி மாதத்திலேயே முடிவாகிவிட்டது. தென்காசியிலிருந்து சென்னைக்கு ரயில். சென்னையிலிருந்து கோரக்பூருக்கு ரயில். எல்லையைத் தாண்டி பொக்காரா வரைக்கும் பஸ். இதுவரை சங்கரபாண்டிக்கு ஆட்சேபணை ஒன்றுமில்லை. அதற்குப் பிறகுதான் அந்த வரி வந்தது. நேபாளத்தில் ஒரு மலை விமான நிலையத்திலிருந்து இன்னொரு மலை விமான நிலையத்துக்கு, குட்டி விமானத்தில் இருபது நிமிஷம்.

சங்கரபாண்டி அரசுப் பேருந்து ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர். தென்காசி - புனலூர் தடம். செங்கோட்டையைத் தாண்டினால் ஆரியங்காவு, தென்மலை என்று ஒரே வளைவு. மழையிலும் மூடுபனியிலும் ஒரு கீறல் விழாமல் வண்டி ஓட்டியவர் என்று டெப்போவில் பெயர். டீக்கடையில் உட்கார்ந்தால், "எனக்கு மலையும் ஒண்ணுதான், வீட்டு மாடிப்படியும் ஒண்ணுதான்" என்பார். கேட்பவர்களும் தலையாட்டுவார்கள்.

ஆனால் அவருக்குள் யாருக்கும் தெரியாத ஒரு ரகசியம் இருந்தது.

ஸ்டியரிங் அடுத்தவன் கையில் இருந்தால் அவருக்குப் பயம். ஷேர் ஆட்டோவில் போனால்கூட இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே போவார். மருமகன் காரில் இடது பக்க மிதியடி ஓட்டை விழுந்ததற்கு எலிதான் காரணம் என்று வீட்டில் பேசிக்கொண்டபோது, அவரும் எலியைத் திட்டினார்.

இப்போது முன்பின் தெரியாத ஒரு நேபாளத்துக்காரன் கையில் ஸ்டியரிங்கைக் கொடுத்துவிட்டு, கால் தரையில் படாமல் இருபது நிமிஷம்!

பயமாக இருக்கிறது என்று சொல்ல முடியுமா? தென்காசி ஊருக்குள் தலைகாட்ட முடியாது. வேறு வழியில்தான் காரியத்தை முடிக்க வேண்டும்.

"சரியா வருமாவா? ஏட்டி, இதுல தூரத்தையே காணோமே. தூரம் தெரியாம நேரம் மட்டும் போட்டிருக்கான். இது என்ன கணக்கு?"

"அப்ப வாங்க, நேர்ல கேட்டுருவோம்" என்று கத்தியைக் கீழே வைத்தாள் காளீஸ்வரி.

அன்றைக்குச் சாம்பாரில் வெண்டைக்காய் இல்லை.

முஃபீத்தின் டிராவல்ஸ் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் இருந்தது. துபாய், தமாம், ஜித்தா என்றால் கண்ணை மூடிக்கொண்டு டிக்கெட் போடுகிற கை. நேபாள மலைகள் அவனுக்குப் புதிது.

"வாங்க அண்ணாச்சி. ஏர் டிஸ்டன்ஸ் அறுவத்தஞ்சு கிலோமீட்டர் சொச்சம்" என்றான் கம்ப்யூட்டரைப் பார்த்து.

"இங்கயிருந்து புனலூர் போறதும் ஏறக்குறைய அம்புட்டுத்தான். அதுக்கே எனக்கு ரெண்டு மணி நேரம் ஆவும். இவன் இருபது நிமிஷத்துல போறான்னா என்ன அர்த்தம்? எந்த வளைவுலயும் பிரேக்க மிதிக்க மாட்டான்னு அர்த்தம்."

"வானத்துல ஏது அண்ணாச்சி வளைவு?"

சொன்னதோடு விட்டிருக்கலாம். முஃபீத் நல்ல மனசோடு போனில் ஒரு வீடியோவைப் போட்டுக் காட்டினான். வானத்தில் வளைவு இருந்தது. விமானத்தின் இறக்கைக்குப் பக்கத்தில், கையை நீட்டினால் தொட்டுவிடலாம் போல ஒரு பாறை ஓடிக்கொண்டிருந்தது.

"இது... மலைக்கு மேலதான போவும்?"

"இல்ல அண்ணாச்சி. இது சின்ன பிளைட்டு. அம்புட்டு உயரம் ஏறாது. இந்தப் பக்கம் அன்னபூர்ணா, அந்தப் பக்கம் தவளகிரி. ரெண்டுக்கும் நடுவால ஆறு போற பள்ளத்தாக்கு. அது வழியாத்தான் போவும்."

"நடுவாலயா?" சங்கரபாண்டியின் வலது கால் மேஜைக்கு அடியில் தானாக எதையோ மிதித்தது. "எதிர்த்தாப்ல ஒரு வண்டி வந்தா?"

"எதிர்த்தாப்லயா?"

"ஏறுற வண்டிக்கு இறங்குற வண்டி வழி விடணும். மலை ரோட்டுல அதான் சட்டம். அங்கன அதெல்லாம் உண்டுமா?"

முஃபீத் விழித்தான். "கேட்டுச் சொல்லுதேன் அண்ணாச்சி."

காளீஸ்வரி போனை எடுத்து அவர் வாய்க்கு நேரே நீட்டிப் பிடித்திருந்தாள். பேச்சைப் பதிவு செய்து குழுவின் வாட்ஸ்அப்பில் போடுகிறாளாம். புருஷன் பேச்சில் இத்தனை பெருமை அவளுக்கு உண்டென்று சங்கரபாண்டிக்கு இத்தனை வருஷமாகத் தெரியவில்லை.

"எந்தப் பக்கம் உக்காந்தா நல்லதுங்க?" என்று கேட்டாள்.

"மலைப் பக்கம். பள்ளத்துப் பக்கம் உக்காந்தா தல சுத்தும்."

"ரெண்டு பக்கமும் மலதான் அண்ணாச்சி" என்றான் முஃபீத்.

"அப்பம் பள்ளம்?"

"கீழ."

சங்கரபாண்டி குடிக்கத் தண்ணீர் கேட்டார்.

தண்ணீர் உள்ளே போனதும் மூளை வேலை செய்தது. "ஏ தம்பி, பொக்காராவுலேருந்து அந்த ஜோம்சோமுக்கு ரோடு கிடையாதா? ஜீப்பு, பஸ்ஸு எதுவும் போவாதா?"

"போவுமே. ஆனா பத்து மணி நேரம் ஆவும்."

"ஆவட்டும்! என்ன அவசரம்? சாமி எங்கயும் ஓடிப் போவாது. நின்னு நிதானமா, நாலு எடத்துல டீ குடிச்சுட்டு..."

பிரச்சினை தீர்ந்தது என்று நாற்காலியில் சாய்ந்தார். முஃபீத் மறுபடியும் நல்ல மனசோடு இன்னொரு வீடியோவைப் போட்டான்.

மண் ரோடு. பாதி ரோட்டில் அருவி விழுந்துகொண்டிருந்தது. ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் ஒன்றுமில்லை. ஜீப் ஓட்டுகிறவன் ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்து, மறு கையால் போனில் பேசிக்கொண்டு, பின்னால் திரும்பிச் சிரிக்கவும் செய்தான். வெளிச் சக்கரம் விளிம்பிலிருந்து ஒரு சாண் தள்ளி உருண்டது.

சங்கரபாண்டிக்குள் இருந்த ஓட்டுநர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். "ஏலே! ரோட்டப் பாருலே! செகண்ட் கியர்ல இறக்குலே! இவனுக்கெல்லாம் எவன்டே லைசென்ஸ் குடுத்தது?" என்று போனைப் பார்த்துக் கத்தினார். கீழே டீக்கடையில் இருந்தவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள்.

"ரோடே வேண்டாம்! இவன் வண்டியில ஏறுறதுக்கு ஆகாசத்துலயே போயிரலாம்!"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது உறைத்தது. காளீஸ்வரி போனை இறக்கி, பச்சை அம்பை அழுத்திக்கொண்டிருந்தாள்.

மறுநாள் பொழுது விடிந்ததும் செய்தி ஊர் முழுக்கப் பரவிவிட்டது. மலை ரோட்டில் ஊறிப்போன சங்கரபாண்டி அண்ணாச்சியே, விமானம்தான் பத்திரம் என்று சொல்லிவிட்டார். ஆய்க்குடியிலிருந்து இரண்டு பேர் சேர்ந்தார்கள். இலஞ்சியிலிருந்து மூன்று பேர். முதலில் ஒரு வேனுக்குக்கூடப் போதாத கூட்டம், வாரக் கடைசியில் அந்தக் குட்டி விமானத்தையே நிரப்பிவிட்டது.

"பிளைட்டு முழுக்க நம்ம ஊர் ஆளுதான் அண்ணாச்சி. எல்லாம் உங்களாலதான்" என்று போனில் சொன்னான் முஃபீத். குரலில் அப்படி ஒரு நன்றி.

சங்கரபாண்டி அன்று ராச்சாப்பாட்டில் இரண்டு தோசையோடு நிறுத்திக்கொண்டார்.

ஆனாலும் மனம் தளரவில்லை. சுவரில் தொங்கிய தினசரி காலண்டர் அவரைப் பார்த்துக் கூப்பிட்டது. எழுந்து போய்த் தாளைப் புரட்டினார். விமானம் திங்கள்கிழமை. காலை ஏழு நாற்பது. திங்கள்கிழமை ராகு காலம் ஏழரை முதல் ஒன்பது.

அப்பனே விசுவநாதா!

"ஏட்டி காளீ! ராகு காலத்துலயா பிளைட்டு ஏறுறது? யாரும் இதப் பாக்கலியா?"

காளீஸ்வரி கையை மார்பில் வைத்துக்கொண்டாள். "அய்யோ, ஆமாங்க! நல்லவேள நீங்க பாத்திய."

உடனே முஃபீத்துக்குப் போன் போனது. அவன், "அண்ணாச்சி, அது நேபாள டைம்லா. அவங்களுக்கு நம்மள விட கால் மணி நேரம் முந்தி. நம்ம கணக்குக்கு ஏழு இருபத்தஞ்சுதான். ராகு வாறதுக்கு முன்னாலயே பிளைட்டு கெளம்பிரும்" என்றான்.

ராகு காலம் வேண்டாத ஆளும் அதைக் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டானே என்று சங்கரபாண்டிக்கு ஆச்சரியமாக இருந்தது. ஆனாலும் விடவில்லை.

"ஏ தம்பி, நேபாளத்து ராகு இந்தியா வாட்சா கட்டியிருக்கார்? சரி, நீ சொல்லுத கணக்கே இருக்கட்டும். ஏழு இருபத்தஞ்சுக்குக் கெளம்புது. இருபது நிமிஷம் போவுது. ஏழரைக்கு எங்க இருக்கும்?"

"...நடுவால."

"ஆங்! ரெண்டு மலைக்கும் நடுவால, ஸ்டாப்பிங்கே இல்லாத எடத்துல ராகு கைகாட்டி ஏறிக்கிடுவார். டிரைவர் என்ன பண்ணுவான்?"

"பாத்துட்டுக் கூப்பிடுதேன் அண்ணாச்சி" என்று போனை வைத்தான் முஃபீத். சங்கரபாண்டி மீசையைத் தடவிக்கொண்டார். அந்தத் தடத்தில் பத்து மணிக்கு மேல் காற்று கிளம்பிவிடுமாம், விமானமே பறக்காதாம் என்று முஃபீத்தே முன்பு சொல்லியிருக்கிறான். ராகு முடிவது ஒன்பது மணிக்கு. அதன் பிறகு விமானம் என்றால் தாமதமாகும். தாமதமானால் காற்று வரும். காற்று வந்தால் ரத்து. எப்படியும் தப்பிவிடலாம்.

பத்து நிமிஷத்தில் போன் வந்தது.

"அண்ணாச்சி, முதல் பிளைட்டுக்கே மாத்திட்டேன். காலைல ஆறேகால். நேபாள டைம் பாத்தாலும் சரி, நம்ம டைம் பாத்தாலும் சரி, ராகு பல்லு வெளக்குறதுக்குள்ள ஜோம்சோம் வந்துரும். இன்னொரு சந்தோஷம். முதல் பிளைட்டு காத்துக்காக நின்னதா கேள்வியே இல்லியாம்!"

காளீஸ்வரியின் முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தியளா! நீங்க சொல்லலேன்னா காத்துல மாட்டியிருக்கும்."

சங்கரபாண்டி காலண்டரை வெறித்தார். காலண்டரில் இருந்த முருகன் அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அடுத்த அஸ்திரம் சூலம். தென்காசியிலிருந்து ரயில் ஏறுவது விமானத்துக்கு ஆறு நாள் முந்தி, செவ்வாய்க்கிழமை. செவ்வாயன்று வடக்கே சூலம். சென்னை எந்தத் திசை? வடக்கு. கோரக்பூர்? அதற்கும் வடக்கு. முக்திநாத்? வடக்கே போனால் அதற்கு மேல் பனிதான்.

"பால் குடிச்சிட்டுக் கெளம்புனா சூலம் போயிரும்னு சொல்லுவாவளே" என்றாள் காளீஸ்வரி.

"அது சிவகிரி வரைக்கும் போறதுக்கு. இம்புட்டுத் தொலவுக்கு மாட்டையே கூட்டிட்டுப் போனாத்தான் உண்டு."

இந்த முறை காளீஸ்வரி முஃபீத்துக்குப் போன் பண்ணவில்லை. நெல்லையப்பனின் வீட்டுக்குப் போனாள். நெல்லையப்பன் சங்கரபாண்டியோடு டெப்போவில் வேலை பார்த்தவர். அவர் மனைவி தங்கத்தாய் குழுவில் காளீஸ்வரிக்கு வலது கை. இரண்டு பேரும் சேர்ந்தால் தீராத விஷயம் கிடையாது.

ஒரு மணி நேரத்தில் வழி கிடைத்துவிட்டது. முந்தின நாளே, திங்கள்கிழமை நல்ல நேரத்தில் எல்லாருடைய பைகளையும் வீட்டை விட்டுக் கிளப்பி, முஃபீத் ஆபீசில் கொண்டுபோய் வைத்துவிடுவது. பை கிளம்பினால் பயணம் கிளம்பின மாதிரி.

"அப்ப செவ்வாய்க்கிழம?" என்று ஈனஸ்வரத்தில் கேட்டார் சங்கரபாண்டி.

"செவ்வாய்க்கிழம யாரு பயணம் போறா? பையப் பாக்கப் போறதுதான!"

திங்கட்கிழமை காலையில் காளீஸ்வரி ஒரு பெரிய நீலப் பையை ஆட்டோவில் ஏற்றினாள். இரண்டு பேர் துணியும் தாராளமாகக் கொள்ளும் பை. சங்கரபாண்டிக்கு எப்போதும் அவள்தான் துணி எடுத்து வைப்பாள். ஆதார் அட்டை, வாக்காளர் அட்டை எல்லாம் அவள் பீரோவில்தான் இருக்கும். எந்த அலுவலகமானாலும், "அதெல்லாம் வீட்ல பாத்துக்கிடுவாவ" என்று கையை விரிக்கிற ஆள் அவர். பை தெருமுனை தாண்டும் வரை அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். தன்னையே யாரோ ஆட்டோவில் ஏற்றி அனுப்புவது மாதிரி இருந்தது.

சாயங்காலம் டீக்கடையில் நெல்லையப்பனைப் பிடித்தார்.

"என்னடே, கெளம்பியாச்சா?"

"வீட்ல கெளம்பிட்டாவ. நான் எங்க கெளம்ப? சிவகிரில தங்கச்சி வயலு நடவு கெடக்கு. ஆளு வேணும்லா" என்று வடையைப் பிட்டார் நெல்லையப்பன்.

நடவு! எவ்வளவு சுலபமாகத் தப்பிவிட்டான்! சங்கரபாண்டிக்கு அவர் மேல் ஒரே சமயத்தில் பொறாமையும் மரியாதையும் வந்தது. நமக்கு ஒரு தங்கச்சி இல்லையே. இருந்தாலும் வயல் இல்லையே.

"ஆமா, நீ என்ன இப்டி வெளுத்துப் போயிருக்க?" என்றார் நெல்லையப்பன்.

"எனக்கென்ன? எனக்கு மலையும் ஒண்ணுதான், மாடிப்படியும் ஒண்ணுதான்" என்றார் சங்கரபாண்டி. குரல் கொஞ்சம் நடுங்கியது. டீ சுட்டதாகச் சொல்லிக்கொண்டார்.

வீட்டுக்குத் திரும்பியபோது காளீஸ்வரி பூஜை அறையில் விளக்கு ஏற்றிக்கொண்டிருந்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் அவரிடம் இது வேண்டும் அது வேண்டும் என்று கேட்டதில்லை. குற்றாலத்தில் சாரல் விழுந்து ஊரே அருவிக்குப் போகும்போதுகூட, அவருக்கு ஸ்பெஷல் வண்டி டியூட்டி என்றால் சாப்பாட்டைக் கட்டிக் கொடுத்துவிட்டு வீட்டிலேயே இருந்துவிடுவாள். முதல் முறையாக ஒரு ஆசை. அதைத்தான் ராகுவையும் சூலத்தையும் ஏவிவிட்டுத் தான் துரத்திக்கொண்டிருக்கிறோம் என்பது அவருக்கு உறுத்தியது.

ராத்திரி சரியாகத் தூங்கவில்லை. செவ்வாய்க்கிழமை காலையில், "செங்கோட்ட வரைக்கும் போயிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

உண்மையில் அவர் போனது புனலூர் பஸ்ஸுக்கு. தன்னுடைய பழைய தடம். ஆனால் இந்தத் தடவை கடைசி சீட்டு.

கண்டக்டர் ஜெபசிங் அவரைப் பார்த்துவிட்டு ஓடி வந்தான். "அண்ணாச்சி! என்ன இங்கன உக்காந்துட்டிய? முன்னால வாங்க, டிரைவர்கிட்ட பேசிட்டே போலாம்."

"வேண்டாம்டே. இன்னைக்கு நான் பாசஞ்சர்."

திட்டம் எளிது. செங்கோட்டை தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் கண்ணை மூடிக்கொள்வது. காலை மடக்கி வைத்துக்கொள்வது. எதையும் மிதிக்காமல் இருபது நிமிஷம் உட்கார்ந்திருப்பது. இருந்துவிட்டால் வானத்திலும் இருக்கலாம்.

முதல் வளைவில் கண்ணைத் திறந்துவிட்டார். இரண்டாவது வளைவில் முன் சீட்டுக் கம்பியைப் பிடித்தார். மூன்றாவது வளைவில் வலது கால் கிளம்பிப் போய், கீழே இருந்த ஒரு தேங்காய் மூட்டையை ஓங்கி மிதித்தது.

மூட்டைக்காரி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நடுத்தர வயது. பஸ் கிளம்பியதிலிருந்தே ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டு வந்தவள், விழித்துக்கொண்டு அவரைப் பார்த்தாள்.

"மன்னிச்சிரும்மா. வளைவுல ஒரு பதட்டம்" என்றார். ஊர் பேர் தெரியாத ஒருத்தியிடம் அதைச் சொல்ல முடிந்தது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. "நீ எப்டிம்மா இந்த ரோட்டுல இப்டித் தூங்குத? பயமா இல்லியா?"

"எதுக்குப் பயம்?" அவள் கொட்டாவி விட்டாள். "டிரைவருக்கும் வீட்டுக்குப் போவணும்லா."

சொல்லிவிட்டு மறுபடியும் கம்பியில் சாய்ந்துகொண்டாள்.

சங்கரபாண்டி பஸ்ஸை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பாதிப்பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். இத்தனை காலமும் அவர் முதுகுக்குப் பின்னால் இப்படித்தான் தலைகள் ஆடிக்கொண்டு வந்திருக்கின்றன. ஒருத்தரும் அவருடைய லைசென்ஸைக் கேட்டதில்லை. ஒருத்தரும் ராகு காலம் பார்த்து ஏறியதில்லை. அவரும் ஒவ்வொரு ராத்திரியும் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறார். அந்த நேபாளத்துக்காரனுக்கும் ஒரு வீடு இருக்கும். அங்கே ஒரு காளீஸ்வரி சோறு வடித்து வைத்திருப்பாள்.

கண்ணை மூடினார். பஸ் வளைந்தது, ஏறியது, முக்கியது. கால் அசையவில்லை.

விழித்தபோது ஜெபசிங் தோளைத் தட்டிக்கொண்டிருந்தான். "அண்ணாச்சி, தென்மலை தாண்டியாச்சு. எங்க இறங்கணும்?"

தூங்கியே விட்டிருக்கிறார்!

எதிரே வந்த பஸ்ஸைப் பிடித்துத் திரும்பினார். மனசு பஞ்சு மாதிரி லேசாக இருந்தது. தென்காசியில் இறங்கியதும் நேரே ஜவுளிக்கடைக்குப் போய், "நல்ல குளிருக்குத் தாங்குற மாதிரி ஒரு குரங்குக் குல்லா குடுங்க" என்றார். குற்றாலத்துக் காற்றைத் தவிர வேறு குளிர் அறியாத கடைக்காரர் மூன்று பரண்களில் தேடி, சிவப்பு நிறத்தில் ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

வீட்டில் காளீஸ்வரி பட்டுப்புடவை கட்டித் தயாராக நின்றாள். வாசலில் ஆட்டோ.

"எங்க போயிட்டிய? நான் முன்னால போறேன். பூஜைச் சாமானெல்லாம் ஏத்தணும். சாப்பாடு மேசையில இருக்கு. நீங்க சாப்ட்டுட்டு மெதுவா ஸ்டேஷனுக்கு வாங்க" என்று ஏறிப் போய்விட்டாள்.

சங்கரபாண்டி நிதானமாகச் சாப்பிட்டார். வீட்டைப் பூட்டினார். சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்து, "செடிக்கெல்லாம் தண்ணி ஊத்திக்கிடுங்க. நேபாளம் வரைக்கும் போயிட்டு வாரோம்" என்றார். பக்கத்து வீட்டுக்காரர் ஏதோ கேட்க வாயெடுப்பதற்குள் தெருவில் இறங்கிவிட்டார்.

தென்காசி ஸ்டேஷனில் சென்னை ரயில் நின்றுகொண்டிருந்தது. மேற்கே மலை மேல் மேகம் இறங்கி, சாரல் லேசாகத் தூவியது. பிளாட்பாரத்தில் நெல்லையப்பன் இரண்டு கைகளிலும் தண்ணீர் பாட்டிலோடு நின்றார். ஆய்க்குடிக்காரர், இலஞ்சிக்காரர்கள் என்று எல்லாப் புருஷன்மார்களும் ஜன்னலோரம் நின்று, மாத்திரையை மறக்காதே, மஃப்ளரை மறக்காதே என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தர் தோளிலும் பை இல்லை.

தப்பித்துவிட்டார்கள் பயந்தாங்கொள்ளிகள் என்று நினைத்துக்கொண்டார் சங்கரபாண்டி. ஒவ்வொருத்தனுக்கும் ஒரு நடவு.

சட்டைப் பையிலிருந்து குல்லாவை எடுத்துத் தலையில் மாட்டினார். பிளாட்பாரமே திரும்பிப் பார்த்தது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பெட்டிக்குள் ஏறினார்.

உள்ளே திருவிளக்குக் குழு மொத்தமும் முறுக்கு டப்பாவைத் திறந்து உட்கார்ந்திருந்தது. காளீஸ்வரி நடுவில் இருந்தாள்.

"ஏட்டி காளீ! வந்துட்டேன்!" என்று பெட்டி அதிரச் சொன்னார் சங்கரபாண்டி. "என் பெர்த்து எது? ரயிலு எப்படியும் போவட்டும். அந்த பொக்காரா பிளைட்டுல மட்டும் எனக்கு ஜன்னல் சீட்டு. பாறை எவ்வளவு பக்கத்துல வருதுன்னு நான் பாக்கணும். பயம் கியம் எல்லாம் நமக்கு என்னைக்கும் கெடையாது!"

முறுக்கு கடிக்கிற சத்தம் நின்றது.

வழியனுப்ப வந்து கதவோரம் நின்ற முஃபீத் குனிந்து தன் செருப்பைப் பார்த்தான். காளீஸ்வரி எழுந்து வந்து, கோணலாக இருந்த குல்லாவை நேராக இழுத்துவிட்டாள். அவள் கண்ணில் சிரிப்பா, வேறு ஏதாவதா என்று அவருக்குப் பிடிபடவில்லை. வெளியே விசில் ஊதியது.

பெட்டியில் இருந்த அத்தனை பேரும் அடக்கிக்கொண்டிருந்ததைத் தங்கத்தாய்தான் கடைசியில் போட்டு உடைத்தாள்:

"என்ன அண்ணாச்சி, பொம்பளையாளுவ மட்டும் போற டூர்ல நீங்க எங்க ஏறுதிய? நல்லாப் பயப்படுத ஆளு ஒருத்தர் பாத்துப் பாத்து நொட்ட நொள்ள சொல்லி முடிச்ச பிளைட்டுன்னா நாம தைரியமா ஏறலாம்னு காளீஸ்வரி அக்கா சொன்னதுனாலதான எல்லாத்தையும் உங்ககிட்ட காட்டுனோம்!"